ஊரில் மூன்று கிழமை, வீட்டில் வைபை இல்லாமல்

என் அம்மாவின் வீடு யாழ்ப்பாணத்துக் கொடிகாமத்தில். அங்கே வைபை இல்லை. தனியாக இருக்கும் அம்மாவுக்கு அது தேவைப்படவும் இல்லை. கனடாவிலிருந்து என்னைப் போல மூன்று கிழமைக்கு ஊருக்குப் போகிறவர்கள் புது இணைப்பு எடுக்க அலையாதீர்கள். சிம் டேட்டா போதும்.

புறப்பட முதல் ஊருக்குக் கோல் எடுத்து, "எங்கட வீட்டுக்குள்ள எந்த சிம்முக்கு சிக்னல் நிக்குது?" என்று கேளுங்கள். கொழும்பில் பறக்கும் சிம் உங்கள் ஒழுங்கைக்குள் ஒரு கோடுதான் காட்டலாம். போன் லொக்கா, அதாவது வேறு கொம்பனிச் சிம் வேலை செய்யாதபடி பூட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். கனடாவில் 2017 டிசம்பர் முதல் விற்கும் போன்களில் இந்தத் தொல்லை இல்லை.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் டயலொக், மொபிற்றல் கவுண்டர்கள் இருக்கின்றன. பாஸ்போட்டைக் காட்டி சிம் எடுக்கலாம். பக்கேஜின் மொத்த ஜிபியைப் பார்த்து மயங்க வேண்டாம். சிலவற்றில் ஒரு பங்கு நள்ளிரவுக்குப் பிறகுதான் வேலை செய்யும், இன்னொரு பங்கு யூரியூபுக்கு மட்டும் என்றிருக்கும். "எந்த நேரமும் பாவிக்கிற டேட்டா எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது ஹொட்ஸ்பொட் பற்றி, அதாவது ஒரு போனின் டேட்டாவை மற்றப் போன்களுக்கும் பகிர்வது. போன முறை என் போனில் அதைப் போட்டு, பிள்ளைகள் மூவரையும் இணைத்துவிட்டுப் படுத்தேன். விடிய எழும்பிப் பார்த்தால் 20 ஜிபியும் முடிந்திருந்தது. ஒருவரும் படம் பார்க்கவில்லை. பிள்ளைகளின் போன்களுக்கு ஹொட்ஸ்பொட்டும் ஒரு வைபைதான். வைபை கிடைத்துவிட்டது என்று நினைத்து, பகல் முழுக்க எடுத்த வீடியோக்களை அவை கிளவுட்டுக்கு ஏற்றிவிட்டன, அப்டேட்டுகளையும் இறக்கிவிட்டன.

அதனால் பிள்ளைகளின் போன்களில் அந்த வைபை பெயரைத் தொட்டு, ஐபோன் என்றால் 'லோ டேட்டா மோட்', அன்ட்ரொயிட் என்றால் 'மீற்றர்ட்' (அளவான டேட்டா) என்று மாற்றுங்கள். போட்டோ பாக்கப்பை நிறுத்துங்கள். வட்ஸ்அப்பில் படங்கள் தானாக இறங்குவதையும் நிறுத்துங்கள், குடும்பக் குரூப்பின் காலை வணக்க வீடியோக்களே நிறையத் தின்னும். நெற்ஃபிளிக்ஸ் எச்டியில் மணிக்கு 3 ஜிபி வரை எடுக்கும். சின்னவர்கள் பார்க்கும் படங்களை வெளிக்கிட முதலே இறக்கிவிடுங்கள். கூகுள் மப்பில் யாழ்ப்பாணப் பகுதியையும் அப்படியே.

பழைய கனடாச் சிம்மைக் கழற்றி எறியாதீர்கள். வங்கிக் குறியீடு அதற்குத்தான் வரும். அதில் டேட்டா ரோமிங்கை மட்டும் நிறுத்துங்கள். வட்ஸ்அப் இலக்கத்தை மாற்றவா என்று கேட்டால் வேண்டாம் என்று விடுங்கள்.

அப்புறம், நல்லூர்த் தேருக்குப் போனால் வீதியில் நின்று லைவ் போட முயலாதீர்கள். அவ்வளவு சனத்துக்குள் நெற்வேர்க் இழுத்து இழுத்துத்தான் ஓடும். வீடியோவை எடுத்து வைத்து வீட்டுக்கு வந்து அனுப்புங்கள். ரொறன்ரோவில் அப்போது நள்ளிரவு, மாமி எழும்பும்போது போனில் இருக்கும்.