ஒன்ராறியோ மருந்தகத்தில் ஃபுளூ தடுப்பூசி போட்டுக்கொள்ளும் முறை

கனடாவின் ஒன்ராறியோ மாகாணத்தில் ஃபுளூ தடுப்பூசிக்காகக் குடும்ப மருத்துவரின் நேரம் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. 2 வயது நிரம்பியவர்கள் அக்கம்பக்கத்து மருந்தகத்திலேயே கட்டணமின்றிப் போட்டுக்கொள்ளலாம். அதனினும் சிறிய குழந்தைகளை, 6 மாதம் நிரம்பிய பின், மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

புறப்படுமுன் தொலைபேசியில் அழைத்து ஊசி கையிருப்பில் உள்ளதா, முன்பதிவு வேண்டுமா என்று கேளுங்கள். 65 வயது நிரம்பியவர்கள் முதியோருக்கான வீரியம் கூடிய ஊசியைத் தனியே கேட்டுப் பெறுவது நல்லது. அரசு மருத்துவக் காப்பீட்டு அட்டையான ஹெல்த் கார்டுடன், உட்கொள்ளும் மருந்துகளின் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் போன்ற மருந்து எடுப்பவர்கள் அதை மருந்தாளுநரிடம் மறவாமல் சொல்ல வேண்டும். முட்டை ஒவ்வாமை இந்த ஊசிக்குத் தடையல்ல.

ஊசி போட்ட கையோடு குளிர்கோட்டை மாட்டிக்கொண்டு வாசலை நோக்கி நடந்த என் மாமியாரை, மருந்தாளுநர் அன்போடு திருப்பி அழைத்து நாற்காலியில் அமர்த்தினார். கடுமையான ஒவ்வாமை அரிதென்றாலும் பெரும்பாலும் முதற்சில நிமிடங்களிலேயே தலைகாட்டும் என்பதால், அந்த 15 நிமிடக் காத்திருப்பைத் தயவுசெய்து தட்டிக்கழிக்காதீர்கள். பாதுகாப்பு உருவாக ஏறத்தாழ 2 வாரங்கள் ஆகும்.

காய்ச்சலும் இருமலும் ஏற்கெனவே இருந்தால் நேரில் செல்லாமல் முதலில் தொலைபேசியில் பேசுங்கள். வீட்டில் செய்யும் கோவிட் விரைவுப் பரிசோதனையில் ஒற்றைக் கோடு மட்டும் தெரிந்தால், தொற்று இல்லை என்று முடிவுகட்டாமல் 48 மணி நேரம் கழித்து மீண்டும் செய்து பாருங்கள். தொற்று இருப்பதைக் காட்டும் இரண்டு கோடுகள் தெரிந்து, நீங்கள் முதியவராகவோ நாட்பட்ட நோயுள்ளவராகவோ இருந்தால், அன்றே மருந்தாளுநரை அழையுங்கள். கோவிட்டுக்கான பேக்ஸ்லோவிட் மருந்தை அறிகுறி தோன்றிய 5 நாட்களுக்குள் தொடங்க வேண்டும், தகுதியுள்ளவர்களுக்கு அவரே அதை எழுதித்தர முடியும்.