அரசுப் பணியில் இருந்த அப்பத்தாவுக்கு நினைவு நூல் தொகுப்பது எப்படி

மதுரைப் பக்கம் வீட்டின் மூத்த பெண்மணி காலமானால், மறுநாள் விடிவதற்குள் தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி ஃபிளெக்ஸ் எழுந்துவிடுகிறது. தோற்றம், மறைவு என்று இரண்டு தேதிகளும் நடுவில் ஒரு படமும் கீழே பேரன் பேத்திகளின் பெயர் வரிசையும் இருக்கும். அவர் முப்பது ஆண்டுகள் செவிலியராகவோ ஆசிரியையாகவோ இருந்திருந்தால் பெயருக்குப் பக்கத்தில் ‘ஓய்வு’ என்று ஒரு சொல் சேரும். அந்த முப்பது ஆண்டுகளுக்குக் கிடைக்கும் இடம் அவ்வளவுதான். முதலாண்டுத் தெவசத்துக்குள் ஒரு சிறு நூலைத் தொகுத்துவிட முடியும் என்பதும், அது வீட்டாரின் பாசத்தைக் காட்டிலும் அவர் பார்த்த வேலையைப் பேச வேண்டும் என்பதும் என் கருத்து. என் அப்பத்தா கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவர் என்பதால் உதாரணங்கள் பெரும்பாலும் அந்த வேலையிலிருந்தே வருகின்றன.

முதலில் தேதிகளைத் திரட்டுங்கள். நியமன ஆணை, மாறுதல் ஆணைகள், ஓய்வூதிய ஆணை ஆகியவை பெரும்பாலும் ஏதாவது ஒரு தகரப் பெட்டியிலோ பழைய சேலைகளுக்கு அடியிலோ இருக்கும். பணியில் சேர்ந்த நாள் முதல் ஊர் மாறியது, விடுப்பு, சம்பள உயர்வு வரை அனைத்தும் பதிவாகும் இடம் பணிப்பதிவேடு என்பதால், அவர் கடைசியாக வேலை பார்த்த அலுவலகத்தில் வாரிசுச் சான்றிதழின் நகலை இணைத்து எழுத்து மூலம் கேட்டுப் பார்ப்பது நல்லது. அது கிடைக்காவிட்டாலும், மாறுதல் ஆணைகளைத் தேதி வாரியாக அடுக்கினாலே அவர் எந்த ஆண்டில் எந்த ஊரில் இருந்தார் என்பது தெளிவாகிவிடும். ஆணையில் ‘மதுரை மாவட்டம்’ என்று இருப்பதால் இன்றைய மதுரைக்குள்ளேயே தேடிக்கொண்டிருக்கக் கூடாது. திண்டுக்கல் 1985-இலும் தேனி 1996-இலும்தான் தனி மாவட்டங்களாயின. அதற்கு முன் வத்தலக்குண்டில் இருந்தவரும் ஆண்டிபட்டியில் இருந்தவரும் மதுரை மாவட்டத்தில்தான் வேலை பார்த்தார்கள். 1978-இல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முந்தைய கையெழுத்தில் லை, னை, றா போன்றவை பழைய வடிவத்தில் இருக்கும் என்பதால், படிக்கும்போது பெரியவர் ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பாதுகாக்கிறோம் என்று நினைத்து எதையும் லேமினேட் செய்துவிடாதீர்கள்; ஒட்டிய பிளாஸ்டிக்கைப் பிறகு காகிதம் கிழியாமல் பிரிக்க முடியாது. ஸ்கேன் செய்துவிட்டு, மூலத்தைச் சுத்தமான காகித உறைக்குள் போட்டு வைத்தால் போதும்.

அடுத்தது ஆட்களைப் பார்ப்பது; நூலின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வீட்டாரை மட்டும் கேட்டால் பாதி கதைதான் கிடைக்கும் என்பதால், அவர் வேலை பார்த்த ஊர்களுக்கே போக வேண்டும். போய், “அப்பத்தா எப்படிப்பட்டவர்?” என்று கேட்டால் “தங்கமானவுங்க” என்ற பதிலோடு பேச்சு நின்றுவிடும். எந்த பஸ்ஸில் வந்து இறங்குவார், யார் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து ஊசி போடுவார், கண்ணாடி ஊசிக்குழலைக் கொதிக்க வைக்க எந்த வீட்டில் அடுப்புக் கேட்பார், ராத்திரியில் பிரசவ வலி வந்தால் அழைத்துவர யார் சைக்கிள் எடுத்துக்கொண்டு போவார் என்று கேளுங்கள். “நர்ஸம்மாவா, அவுக எங்க வீட்டு ஓட்டடியிலதான் தராசைத் தொங்கவிட்டுப் பிள்ளைகளை எடை போடுவாக” என்று ஒருவர் தொடங்கினால் பக்கத்து வீட்டுக்காரரும் வந்து சேர்ந்துகொள்வார்.

ஆண்டைக் கேட்டால் முதியவர்கள் திணறுவார்கள். நிகழ்ச்சியைச் சொல்லிக் கேட்டால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள். மதுரையில் உலகத் தமிழ் மாநாடு நடந்ததற்கு முன்பா பின்பா என்று கேட்டால் 1981 எல்லையாகிறது. இந்திரா காந்தி சுடப்பட்டது 1984, எம்.ஜி.ஆர். மறைந்தது 1987 டிசம்பர், முதல் போலியோ சொட்டு மருந்து முகாம் 1995. இந்த வித்தையை நான் அப்பத்தாவின் நாட்குறிப்பில் இருந்தே கற்றுக்கொண்டேன். கர்ப்பிணிகள் கடைசியாகக் குளித்த நாளை, அதாவது கடைசி மாதவிலக்கு நாளை, தேதியாகச் சொல்லாமல் “அழகர் ஆத்துல இறங்குன மூணாம் நாள்” என்று சொல்லியிருக்கிறார்கள். அவர் அதை அப்படியே நீல மையில் எழுதி, பக்கத்தில் காலண்டரைப் பார்த்து ஆங்கிலத் தேதியையும் பிரசவத்தை எதிர்பார்க்கும் நாளையும் சிவப்பு மையில் குறித்து, முதல் பிரசவமானால் ‘தலைச்சன்’ என்று அடிக்கோடிட்டிருக்கிறார். இத்தகைய ஒரு பக்கத்தைப் படமாகச் சேர்த்தால் அவருடைய கவனத்தைப் புகழ்ந்து தனியாக எழுத வேண்டியதில்லை.

ஆனால், படமாகச் சேர்ப்பதற்கு முன் அந்தப் பக்கத்திலுள்ள பெண்களின் பெயரையும் ஊரையும் மறைத்துவிட வேண்டும். கருக்கலைப்பு, குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன், மணமாகாத பெண்ணின் பிரசவம் என்று அவர் வெளியில் சொல்லாமல் காத்த செய்திகளைப் பேரப்பிள்ளைகள் அச்சில் ஏற்றக் கூடாது. அலுவலகத்துக்குரிய பதிவேடு எதுவும் வீட்டில் தங்கிவிட்டிருந்தால் அதைத் திருப்பிக் கொடுப்பதே முறை.

சங்கடமான பகுதிகளை என்ன செய்வது என்ற கேள்வி நிச்சயம் எழும். 1975 முதல் 1977 வரையிலான நெருக்கடி நிலைக் காலத்தில் சுகாதாரத் துறையில் இருந்தவர் என்றால், கருத்தடைக்கு ஆள் சேர்க்க மேலிடம் வைத்த இலக்கும் அதனால் ஊரில் எழுந்த கசப்பும் பேச்சில் வரும். 1980-களில் உசிலம்பட்டி வட்டாரத்தில் இருந்தவர் என்றால் பெண்சிசுக் கொலை பற்றிய பேச்சு வரும். இவற்றை வெட்டிவிட்டால் மிஞ்சுவது ஃபிளெக்ஸில் இருக்கும் அதே பாட்டிதான். யார் மீதும் தீர்ப்பு எழுதாமல், அவர் என்ன செய்தார், எதைச் செய்ய மறுத்தார், எதற்குத் தலையாட்டினார் என்பதைச் சொன்னவர் வாய்மொழியிலேயே தாருங்கள். அவர் பெற்ற பிள்ளைகளுக்கும் ஒரு மனக்குறை இருக்கலாம்; ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் ஓடியவர் தங்கள் காய்ச்சலுக்கு வீட்டில் இல்லை என்று என் சின்ன அத்தை இன்றும் சொல்கிறார். அதையும் சேர்ப்பதுதான் நியாயம்.

துறைக்கு ஏற்பத் தேடும் இடம் மாறும். சத்துணவு அமைப்பாளராக இருந்தவருக்கு 1982-இல் அத்திட்டம் தொடங்கிய நாட்களிலிருந்து கேட்கத் தொடங்கலாம். 1996 உள்ளாட்சித் தேர்தலில், மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கீட்டில் வந்த ஊராட்சித் தலைவி என்றால் தீர்மானப் புத்தகத்தில் அவர் கையெழுத்து இருக்கும். ஆசிரியை என்றால் பள்ளி வருகைப் பதிவேடும் பழைய மாணவர்களும் உண்டு.

எழுதும்போது பிறப்பிலிருந்து தொடங்க வேண்டிய கட்டாயமில்லை. ஊர் வாரியாக, ஒரு மாறுதல் ஆணைக்கு ஓர் அத்தியாயம் என்று பிரித்தால் எளிதாக நடக்கும். அன்றைய நடைமுறையை ஒரு வரியில் விளக்கிவிடுங்கள்: சமவெளியில் சுமார் 5,000 பேருக்கு ஒரு துணை சுகாதார நிலையம் என்ற கணக்கைச் சொன்னால்தான் ஒரே பெண் எத்தனை ஊர் நடந்தார் என்பது இளையவர்களுக்குப் புரியும். நடுவில் பின் அடிக்கும் நூலுக்குப் பக்கங்கள் நான்கின் மடங்கில் அமைய வேண்டும். கல்யாணப் பத்திரிகை அடிக்கும் அச்சகங்களே இதைச் செய்து தருகின்றன. எழுத்தைச் சற்றுப் பெரிதாக வைக்கச் சொல்லுங்கள், ஏனெனில் ஆவலோடு படிக்கப்போகிறவர்கள் அறுபதைத் தாண்டியவர்கள். கடைசி இரண்டு பக்கங்களை வெற்றாக விடுங்கள். தெவசத்தன்று உறவினருக்குக் கொடுப்பதோடு நிறுத்தாமல், பேட்டி தந்தவர்களின் வீடுகளுக்கு நேரில் கொண்டுபோய், படிக்கத் தெரியாதவர்களுக்கு வாசித்துக் காட்டி, அவர்கள் திருத்திச் சொல்வதை அந்த வெற்றுப் பக்கங்களிலேயே குறித்து வாருங்கள்.