குடும்பப் பயணத்துக்குப் பழைய வான்: முதலில் அடியைப் பாருங்கள்

மட்டக்களப்பிலிருந்து கதிர்காமம், திருகோணமலை, நுவரெலியா என்று குடும்பத்தோடு போய்வர, வழியில் படுத்தெழும்பவும் வசதியாக ஒரு பழைய வான் தேடுகிறீர்களா? அடித்தகட்டைப் பார்த்துவிட்டுப் பிறகு எஞ்சினுக்கு வாருங்கள். எஞ்சின் கெட்டால் பிரித்துச் செய்யலாம், வேறொன்று மாற்றலாம். சேஸி (வானைத் தாங்கும் அடிச்சட்டம்) உப்பில் அரித்த வானுக்கு எவ்வளவு காசு கொட்டினாலும் வீண்.

அதற்கும் முன் நாட்கணக்குப் போடுங்கள். வருடத்தில் பத்து நாளுக்குக் குறைவாகத்தான் ஓடுமென்றால் சாரதியோடு ஹயருக்குப் பிடிப்பதே லாபம். சும்மா நிற்கும் வானில் பற்றரி இறங்கும், பிரேக் சிலிண்டர் இறுகும், டயரில் வெடிப்பு விழும். இருபது முப்பது நாள் ஓடுமென்றால், அல்லது வயதானவர்களும் கைக்குழந்தையும் இருந்து நினைத்த இடத்தில் நிறுத்திப் படுக்கவேண்டிய நிலையென்றால், வாங்கலாம். விலையில் ஐந்தில் ஒரு பங்கையாவது முதல் ஆறு மாதத் திருத்தவேலைக்கென்று தனியே வையுங்கள். அது கையில் மிஞ்சாதென்றால் இன்னும் மலிவான வானைப் பாருங்கள்.

பார்க்கப் போகும்போது ஒரு சிறு காந்தம், டோர்ச், ஸ்க்ரூ டிரைவர், பழைய பாய் ஒன்று கொண்டுபோங்கள். காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றி, தள்ளுகதவின் கீழ்விளிம்பு, ஏறும்படி, முன்சக்கர வளைவு, முன்கண்ணாடியின் கீழ்மூலைகள், கூரைத் தண்ணீர் வழியும் விளிம்பு என்று மெதுவாக இழுத்துச் செல்லுங்கள். நல்ல தகட்டில் காந்தம் ஒட்டிக்கொண்டே வரும். புட்டி போட்டு மூடிய இடத்தில் பிடி விட்டு வழுக்கும். பிறகு பாயை விரித்து அடியில் படுங்கள் (வான் நான்கு சக்கரத்தில் நிற்கட்டும், ஜக் போட்ட வானுக்குக் கீழே போகவே வேண்டாம்). சேஸியை ஸ்க்ரூ டிரைவர் பிடியால் தட்டிக்கொண்டே போனால் நல்ல இரும்பு 'டங்' என்று கேட்கும், அரித்த இடம் 'பொத்' என்று அடங்கும். பின் ஸ்பிரிங் தகடுகள் சேஸியில் மாட்டும் இடத்தில் துளையோ ஒட்டு வெல்டிங்கோ இருந்தால் பேரம் பேசாமல் எழுந்து வாருங்கள். ஏற்றுகிற பாரம் முழுவதும் அந்த இடத்தில்தான் தொங்குகிறது. அடிக்குப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

வாழைச்சேனையிலோ கல்முனைக் கரையிலோ மீனும் ஐசும் ஏற்றி ஓடிய வானை வெளித்தோற்றத்தில் கண்டுபிடிக்க முடியாது. உருகிய உப்புத்தண்ணீர் தரைவிரிப்புக்குக் கீழே இறங்கி உள்ளிருந்தே அரித்திருக்கும். விரிப்பைக் கிளப்பி ஆசன போல்ட்டுகளைப் பாருங்கள். வெள்ளம் குடித்த வானும் இப்படித்தான் ஏமாற்றும். 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் இந்தப் பக்கம் வெள்ளம் எப்படி நின்றது என்பது உங்களுக்குத் தெரியும். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். யாரும் கழுவாத அந்த அடிமுனையில் சேற்றுக்கோடு அப்படியே இருக்கும்.

எஞ்சினில் எங்கள் தெரிவு, டேர்போ இல்லாத பழைய டீசல். டொயோட்டா ஹைஏஸின் பழைய மாடலான 'டொல்பினில்' வரும் 2.8 லீற்றர் '3எல்' எஞ்சினைச் சாதாரண கராஜிலேயே பிரித்துப் பூட்டலாம். அதற்குப் பிறகு வந்த ஹைஏஸான கே.டி.எச். வான் வேகமும் சுகமும் தரும், ஆனால் அதன் இன்ஜெக்டர் (டீசலைப் பீச்சும் பாகம்) கோளாறுக்கு ஸ்கேனரும் சோதனை மேசையும் உள்ள இடம் வேண்டும். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே போங்கள். முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருவதாகச் சொல்லிவிடுங்கள். ரேடியேற்றர் மூடியைக் கழற்றிவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள் (சூடான எஞ்சினில் இதைச் செய்யவே கூடாது, கொதிநீர் முகத்தில் அடிக்கும்). தண்ணீரில் குமிழி இடைவிடாமல் வந்தால் ஹெட் கேஸ்கட் (எஞ்சினுக்கும் அதன் மேல்மூடியான ஹெட்டுக்கும் நடுவே உள்ள அடைப்பு) போயிருக்கிறது, அல்லது ஹெட்டே வெடித்திருக்கிறது. ஒயில் பால் கலந்த தேநீர் நிறத்தில் இருந்தாலும் அதே சந்தேகம்தான். நீலப்புகை ஒயில் எரிவது. ஓட ஓட நிற்காத வெள்ளைப்புகை, எஞ்சினுக்குள் தண்ணீர் புகுந்து ஆவியாவதாகவோ டீசல் சரியாக எரியாததாகவோ இருக்கும். 3எல் எஞ்சினின் டைமிங் பெல்ட் ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றவேண்டியது. மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லையென்றால் வாங்கிய வாரமே மாற்றுங்கள். அது அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதும்.

நமக்குள்ள ஏற்றமே கல்லடிப் பாலத்தின் ஏற்றம்தான். ஊருக்குள் ஓட்டிப் பார்ப்பது போதாது. கச்சான் காற்று (வெயில் காலத்து வறண்ட காற்று) வீசும் மதியத்தில், ஆறேழு பேர் ஏறி, ஏ.சி. போட்டு, மகா ஓயா, பிபிலை கடந்து லுணுகலை மலைப்பக்கம் ஏறுங்கள். சூட்டு முள் நடுவைத் தாண்டி மேலே போய்க்கொண்டிருந்தால் ரேடியேற்றர் அடைப்பு, விசிறிக் கிளட்ச், ஹெட் மூன்றையும் சந்தேகியுங்கள். கதிர்காமத் திருவிழாவும் அந்த வெயில் மாதத்தில்தான் வருகிறது. யானை நடமாடும் புத்தல–கதிர்காமம் காட்டுவழியில் கொதித்து நின்றால் பிள்ளைகளோடு இறங்கி நிற்கவும் முடியாது.

இறங்கும்போது இரண்டாம் கியரில் வாருங்கள். பிரேக் மிதி கொஞ்சம் கொஞ்சமாக ஆழமாகப் போனால் பிரேக் எண்ணெயில் ஈரம் ஏறிக் கொதிக்கிறது. அதை இரண்டு வருடத்துக்கொருமுறை மாற்றவேண்டும். டயர் பக்கச்சுவரின் நான்கு இலக்கத்தைப் படியுங்கள். 3419 என்றால் 2019ஆம் ஆண்டின் 34ஆம் வாரம். ஆறு வருடம் கடந்ததையும் முன்சக்கரத்தில் உள்ள ரீபில்ட் டயரையும் (பழைய டயருக்குப் புது ரப்பர் ஒட்டியது) மாற்றும் செலவை விலையில் கழியுங்கள்.

பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வானில் உள்ளவற்றோடு எழுத்துக்கு எழுத்து பொருந்தவேண்டும். இலக்கத்தைச் சுற்றி உராய்த்த அடையாளம் தெரிந்தால் விலகுங்கள். லீசிங் கம்பனியின் பெயர் புத்தகத்தில் இருந்தால் கடன் தீர்ந்த கடிதம் கைக்கு வரும்வரை காசு கொடுக்காதீர்கள். ஓப்பன் பேப்பரில் (பெயர் மாற்றாமல், முன்னைய உரிமையாளர் கையெழுத்திட்ட படிவத்தோடு மட்டும்) வாங்கவே வேண்டாம். ஆசனங்களைக் கழற்றி நிரந்தரக் கட்டில் போடுவதென்றால் முதலில் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் கேளுங்கள்.

படுக்கைக்கு மடக்கிப் போடும் பலகையே எங்களுக்குப் பிடித்தது. ஓடும்போது அதில் யாரும் படுக்கக்கூடாது. 2.3 கிலோ காஸ் சிலிண்டர் போதும், சமையல் வெளியே, இரவில் சிலிண்டரும் வெளியே. காஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படுத்திருக்கும். எஞ்சினை ஓடவிட்டு ஏ.சி.யில் தூங்குவது உயிருக்கே ஆபத்து, புகை உள்ளே வரும். நுளம்புவலை அடித்த ஜன்னலும் விசிறியும் போதும். 2 அம்பியர் விசிறிகள் இரண்டு, எட்டு மணி நேரம் ஓடினால் 32 அம்பியர்-மணி. 100 அம்பியர்-மணி ஈய-அமிலப் பற்றரியில் பாதிக்கு மேல் இறக்கக்கூடாது என்பதால் விளக்குக்கும் போனுக்கும் 18 மிஞ்சும். இந்த இரண்டாவது பற்றரியை ரிலே (தானாக இணைத்துத் துண்டிக்கும் சுவிட்ச்) வைத்து ஸ்டார்ட் பற்றரியிலிருந்து தனியே பிரியுங்கள். ஸ்டார்ட் பற்றரியில் விசிறி போட்டால் காலையில் தள்ளவேண்டி வரும், ஓட்டோமெட்டிக் கியர் வானோ தள்ளினாலும் ஸ்டார்ட் ஆகாது.