வந்து போகும் கோளாறு: ஸ்போர்ட்ஸ் கார் வேலையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் திருகோணமலையில் அனுராதபுரச் சந்திப் பக்கம் ஒரு நண்பரின் கராஜுக்குப் போயிருந்தேன். உள்ளே ஒரு பிஎம்டபிள்யூ இசட்4 நின்றது. புதிதாக வேலைக்குச் சேர்ந்த தம்பி ஒருவன் ஸ்கேனரைச் செருகி, அதில் வந்த கோளாறுக் குறியீடுகளை, அதாவது 'கோட்'களை, கொப்பியில் எழுதி, பக்கத்திலேயே வாங்க வேண்டிய சாமான்களின் பட்டியலையும் போட்டுக்கொண்டிருந்தான். தீப்பொறிக்கு மின் கொடுக்கும் கொயில் ஆறு, கேம் சென்சர் ஒன்று, ஏபிஎஸ் சென்சர் ஒன்று. "என்ன தம்பி, எல்லாத்தையும் மாத்தப் போறியா?" என்று கேட்டேன். "கோட் அப்படித்தானே அண்ணா சொல்லுது" என்றான். எனக்கு நெஞ்சு திக்கென்றது. 2013இல் நானும் இதே வார்த்தையைத்தான் சொன்னேன்.

பியூஸ் பார்க்க மறப்பது, பற்றரி முனையை இறுக்காமல் விடுவது போன்றவற்றை எழுதப் போவதில்லை. அவை ஒரு கிழமையில் தானாகவே பழகிவிடும். பல வருடம் வேலை செய்தவர்களும் செய்கிற, வண்டிக்காரரின் காசைக் கரைக்கிற தவறுகளைத்தான் சொல்ல வருகிறேன். 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு 2025வரை மூடிக் கிடந்ததால், நம் ஊரில் இருக்கிற பழைய சொகுசுக் கார்களை எப்படியாவது ஓட வைக்க வேண்டிய நிலை. ஒரு சாமானைத் தவறாக வரவழைத்தால் அதன் சுமை யாரோ ஒருவர் தலையில் விழுகிறது.

கோட் பெயர் சொன்ன சாமானை மாற்றுவது

2013இல் நான் அப்படிச் சொன்ன வண்டி 2001ஆம் ஆண்டு போர்ஷே பொக்ஸ்டர், 2.7 லீற்றர் எஞ்சின். உரிமையாளர் உப்புவெளியில் விடுதி நடத்துபவர். காலையில் திறப்பைத் திருப்பினால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆகும். ஹபரணை வரை போய் வந்து, மத்தியான வெயிலில் பெற்றோல் அடிக்க நிறுத்தினால் போதும், பிறகு ஸ்டார்ட்டர் இழுத்து இழுத்துச் சுற்றும், எஞ்சின் பிடிக்காது. சில வேளை ஒரு 'டக்' சத்தம் மட்டும். முக்கால் மணி நேரம் நிழலில் விட்டால் ஒன்றும் நடக்காததுபோல் ஓடும்.

ஸ்கேனர் போட்டேன். எஞ்சின் சுழல்வதை உணரும் கிராங்க் சென்சரின் சைகை சரியில்லை என்று கோட். சூடேறினால் அந்த சென்சர் படுத்துவிடும் என்பது உலகறிந்த விஷயம், அதனால் எனக்குச் சந்தேகமே வரவில்லை. கை நுழையாத இடத்தில் இருக்கும் அதை அரை நாள் மெனக்கெட்டு மாற்றினேன். நான்கு நாள் ஓடியது, ஐந்தாம் நாள் சீனக்குடாவில் நின்றுவிட்டது. சரி, பற்றரி என்று அதையும் மாற்றினேன். பிறகு ஸ்டார்ட்டரை. அதைக் கழற்றிப் பூட்டியதும் மூன்று வாரம் அருமையாக ஓடியது. உரிமையாளர் கராஜுக்குப் பழம் வாங்கிக்கொண்டு வந்தார். நான் அதை வாங்கி வைத்துக்கொண்டேன். நான்காவது வாரம் நிலாவெளி வீதியில் மறுபடி நின்றது.

அப்போதுதான் நான் செய்ததிலேயே மோசமானதைச் செய்தேன். கொழும்பில் ஒரு கராஜில் விசாரித்தேன், எஞ்சின் கண்ட்ரோல் யூனிட் (எஞ்சினை ஆளும் கணினி) போயிருக்கும் என்றார்கள். அதைச் சோதித்துப் பார்க்காமல் அப்படியே உரிமையாளரிடம் சொன்னேன். அவர் வெளிநாட்டிலிருந்து பாவித்த யூனிட் ஒன்றை வரவழைத்தார். வந்து சேர இரண்டு மாதம். பூட்டினால் எஞ்சின் அசையவே இல்லை. இந்தக் கார்களில் எஞ்சின் யூனிட்டும், சரியான திறப்பு இல்லாமல் ஸ்டார்ட் ஆகாதபடி தடுக்கும் இம்மொபிலைசர் யூனிட்டும் சோடியாகக் குறியீடு போடப்பட்டவை. வேறு காரில் இருந்து வந்த யூனிட்டை அந்த இம்மொபிலைசர் ஏற்காது, முறைப்படி இரண்டையும் பொருத்த வேண்டும். இதைக்கூடத் தெரியாமல் ஒருவரின் பணத்தைச் செலவழிக்க வைத்தேன் என்ற நினைப்பு இன்றும் எரிச்சலாகவே இருக்கிறது.

கடைசியில் காரணத்தைக் கண்டுபிடித்தவர் திருக்கடலூரில் மீன்பிடிப் படகுகளுக்கு வயரிங் செய்யும் ஒரு பெரியவர். போர்ஷேயை அதற்கு முன் தொட்டதில்லை. நான் செய்ததை எல்லாம் கேட்டுவிட்டு ஒரேயொரு கேள்விதான் கேட்டார்: "தம்பி, கரண்ட் ஓடேக்க அளந்தியா?"

கேபிளை ஓம் மீற்றரால் அளந்தேன், நன்றாக இருக்கிறது என்றேன். அவர் பதில் சொல்லாமல் படகில் பாவிக்கும் நீள வயர் ஒன்றை எடுத்தார், இரண்டு முனையிலும் கவ்வி. இந்தக் காரில் பற்றரி முன்னால், எஞ்சின் இருக்கைக்குப் பின்னால், அதனால் வயர் நீளமாகத்தான் வேண்டும். ஒரு முனையைப் பற்றரியின் பொசிற்றிவ்வில் கவ்வி, மறுமுனையை மீற்றரின் சிவப்புக் கம்பியோடு சேர்த்தார். கறுப்புக் கம்பியை வண்டிக்கு அடியில் ஸ்டார்ட்டரின் தடித்த கேபிள் வந்து சேரும் ஆணியில் வைத்துப் படுத்துக்கொண்டு, "அடி" என்றார். நான் திறப்பைத் திருப்பினேன். மீற்றர் 3.1 வோல்ட் காட்டியது.

இதற்கு என்ன அர்த்தம் என்றால், பற்றரியில் இருந்து ஸ்டார்ட்டருக்குப் போகும் வழியிலேயே 3.1 வோல்ட் காணாமல் போகிறது. அரை வோல்ட்டுக்கு மேல் போனாலே அந்தக் கேபிளைச் சந்தேகப்பட வேண்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது 150 அம்பியர் அளவில் இழுக்கும். வழியில் 0.02 ஓம் தடை இருந்தாலே போதும், 150ஐ 0.02ஆல் பெருக்கினால் 3 வோல்ட். ஆனால் சாதாரண மீற்றரின் கம்பிகளுக்கே 0.1, 0.2 ஓம் தடை இருக்கும். அந்த மீற்றரால் 0.02 ஓமைப் பிடிக்க முடியுமா? முடியாது. நான் ஓம் மீற்றரில் பார்த்த 'நல்ல' கேபிள் ஒரு நாளும் நல்லதாக இருந்ததில்லை.

கேபிள் முனையில் இருந்த கறுப்பு உறையைக் கத்தியால் கீறினார். உள்ளே, முனையைக் கவ்விப் பிடித்திருக்கும் இடத்தில், செம்புக்குப் பதிலாகப் பச்சைக் களிம்பு. விரலில் தேய்த்தால் மாவாக உதிர்ந்தது. அந்தக் காலத்துப் பொக்ஸ்டர், போர்ஷே 911 கார்களில் ஸ்டார்ட்டருக்கும் ஆல்டர்னேட்டருக்கும் போகும் அந்தக் கேபிள் பெயர்போன பலவீனம். அதோடு நம் ஊர்க் கடற்காற்றும் சேர்ந்தால் கேட்கவா வேண்டும்?

அப்படியென்றால் கோட் ஏன் கிராங்க் சென்சரைச் சொன்னது? அந்த சென்சர், பற்சக்கரம் தன் முன்னால் ஓடும் வேகத்தால்தான் சைகை உண்டாக்குகிறது. ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றினால் சைகை பலவீனமாகும், அதைக் கண்ட்ரோல் யூனிட் கோட்டாக எழுதி வைக்கும். சென்சர் உண்மையைத்தான் சொன்னது, நான்தான் தப்பாகப் புரிந்துகொண்டேன். சூடான பிறகு மட்டும் ஏன்? செம்பின் தடை ஒவ்வொரு பாகை செல்சியஸுக்கும் ஏறக்குறைய 0.4 சதவீதம் கூடும். எஞ்சின் அறையில் 50 பாகை ஏறினால் ஐந்தில் ஒரு பங்கு அதிகம். அரித்துப்போன இணைப்பில் இன்னும் மோசம். ஸ்டார்ட்டரை மாற்றியபின் மூன்று வாரம் ஓடியதற்குக் காரணம், கேபிளை அசைத்தபோது உள்ளே சில இழைகள் மீண்டும் தொட்டுக்கொண்டதுதான்.

அதனால் தம்பிமாருக்கு ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்கிறேன். கோட் காட்டுவது எந்தச் சுற்றில் பிரச்சினை என்பதை, எந்தச் சாமான் கெட்டது என்பதை அல்ல. சாமான் வாங்கும் முன், கரண்ட் ஓடும்போது வோல்ட் இழப்பை அளந்து பாருங்கள். பொசிற்றிவ் பக்கம் 0.5 வோல்ட், ஏர்த் (கரண்ட் பற்றரியின் நெகற்றிவ்வுக்குத் திரும்பும் வழி) பக்கம் 0.2 முதல் 0.3, சென்சரின் ஏர்த்தில் 0.1க்குள். பற்றரி முனையிலும் ஸ்டார்ட் பண்ணும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகிறதா என்று பாருங்கள். பத்து நிமிட வேலை.

நன்றாக ஓடும்போது சோதிப்பது

வந்து போகும் கோளாறு இல்லாத நேரத்தில் எந்த அளவும் சரியாகத்தான் இருக்கும். கோளாறை வரவழைத்துவிட்டுத்தான் அளக்க வேண்டும். அதற்கு முதலில் ஓட்டுபவரிடம் நன்றாகக் கேட்க வேண்டும்: எப்போது? மழையா? வெயிலா? நிறுத்தி எத்தனை நிமிடத்தில்? ஏசி ஓடியதா? ஒரு சின்னக் கொப்பியை வண்டியில் போட்டுவிட்டு, கோளாறு வரும்போதெல்லாம் நேரமும் நிலைமையும் எழுதச் சொல்லுங்கள். இரண்டு வாரத்தில் அந்தக் கொப்பியே பாதிப் பதிலைச் சொல்லும்.

சூட்டுக் கோளாறு என்றால் ஜூன், ஜூலையில் கச்சான் காற்று அடிக்கும் காலமே உங்களுக்கு உதவி. நிலாவெளி வரை ஓட்டிப் போய் வந்து, எஞ்சினை நிறுத்திவிட்டுப் பதினைந்து நிமிடம் பொறுங்கள். நிறுத்தியதும் காற்றோட்டம் நின்றுவிடுவதால் எஞ்சின் அறையின் சூடு இன்னும் ஏறும், அந்த நேரத்தில்தான் பலவீனமான சென்சர் படுக்கும். அப்போது ஸ்டார்ட் பண்ணும்போது எஞ்சின் சுழலும் வேகத்தைக் காட்டும் ஆர்பிஎம் முள் அசைகிறதா என்று பாருங்கள். பல கார்களில், எஞ்சின் நல்ல வேகத்தில் சுற்றியும் முள் பூச்சியத்திலேயே கிடந்தால் கிராங்க் சைகை வரவில்லை என்று பொருள். அப்போது சந்தேகம் நியாயம்.

மழைக் கோளாறு என்றால் பெரும்பாலும் கொயில். பொக்ஸ்டரிலும் 911இலும் ஆறு கொயில்களும் எஞ்சினின் இரு பக்கமும் தாழ்வாக, சைலன்சர் குழாயின் சூட்டுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. பிளாஸ்ரிக் வெடித்து, வெடிப்புக்குள் ஈரம் புகுந்தால் எஞ்சின் குலுங்கும். பி0302 என்று வந்தால் இரண்டாவது சிலிண்டர். அந்தக் கொயிலை ஐந்தாவது சிலிண்டருக்கு மாற்றிப் பூட்டி ஓட்டுங்கள். கோட் பி0305 ஆக மாறினால் கொயில் குற்றவாளி. அங்கேயே நின்றால் பிளக்கையும் வயரையும் இன்ஜெக்டரையும் பாருங்கள். ஒரு சதம் செலவில்லை.

கோட் பதிவை முதலில் அழிப்பது

கோட் விழுந்த நேரத்தில் எஞ்சின் எவ்வளவு சூடாக இருந்தது, எத்தனை ஆர்பிஎம், எவ்வளவு வேகம் என்பவற்றைக் கார் தானாகவே எழுதி வைத்திருக்கும். அழித்தால் அதுவும் போய்விடும். பற்றரியைக் கழற்றிப் போட்டாலும் பல கார்களில் அதே கதிதான். முதலில் படம் எடுங்கள், பிறகு அழியுங்கள்.

அளப்பதற்காக வயரில் ஊசி குத்துவது

உப்புக்காற்று அந்தத் துளை வழியாகத்தான் உள்ளே போகும். குத்தாதீர்கள்.

தரைவிரிப்பைத் தூக்கிப் பார்க்காதது

கூரை மடிக்கும் கார்களுக்கு இது மிக முக்கியம். கூரை வழியும் தண்ணீர் போக இரு பக்கமும் சின்னக் குழாய்கள் உண்டு. வண்டியை வேப்பமரத்தடியில் நிறுத்துகிறவர்களுக்கு அவை இலையால் அடைத்துக்கொள்ளும். மார்கழி மழையில் தண்ணீர் உள்ளே இறங்கும். முதல் தலைமுறைப் பொக்ஸ்டரில் இம்மொபிலைசர் யூனிட் இருக்கைக்கு அடியில் தரையோடு இருக்கிறது. மேலே விரிப்பு காய்ந்திருக்கும், கீழே பஞ்சு ஊறிக் கிடக்கும். வெயில் காய்ந்தால் கோளாறு போகும், மழை வந்தால் திரும்ப வரும். இசட்4இன் முதல் தலைமுறையில் கூரையை இயக்கும் மோட்டாரும் இப்படித்தான் தண்ணீரில் மூழ்கிச் சாகும்.

கையை விரிப்புக்கு அடியில் விட்டு அமுக்கிப் பாருங்கள். குழாயில் ஒரு போத்தல் தண்ணீர் ஊற்றி, அது வண்டிக்கு அடியில் வருகிறதா என்று பாருங்கள்.

கண்ட்ரோல் யூனிட் வயரில் பழைய டெஸ்ட் லாம்ப்

மீற்றர் இருக்கும்போது வேண்டாம்.

பற்றரி வடிவதை அவசரமாக அளப்பது

வண்டியைப் பூட்டி இரண்டு நிமிடத்தில் மீற்றரைப் போட்டு, "ஐயோ, நாலு அம்பியர் இழுக்குது" என்று கத்துவதைப் பார்த்திருக்கிறேன். உள்ளே இருக்கும் யூனிட்டுகள் உறங்க அரை மணி நேரம்கூட ஆகும். பொறுத்திருந்து அளந்தால் 50 மில்லி அம்பியருக்குக் கீழே வர வேண்டும். அதற்குப் பிறகு ஒவ்வொரு பியூஸாகப் பிடுங்கவும் வேண்டாம், பிடுங்கிச் செருகினால் உறங்கிய யூனிட் விழித்துவிடும். பியூஸின் தலையில் தெரியும் இரண்டு புள்ளிகளுக்கு இடையே மில்லி வோல்ட்டை அளந்தால் போதும். பூச்சியம் காட்டாத பியூஸின் பக்கம்தான் கரண்ட் போகிறது.

இரண்டு நாள் ஓடியதும் "சரி வந்துட்டுது" என்பது

என் பொக்ஸ்டர் மூன்று வாரம் ஓடிய கதையைச் சொன்னேன். இப்போதெல்லாம் திருத்தியதும் நான் உரிமையாளரிடம் சொல்வது, என்ன அளந்தேன், திருத்துமுன் எவ்வளவு, திருத்தியபின் எவ்வளவு என்பதைத்தான். அந்த இரண்டு எண்களையும் பில்லில் எழுதிக் கொடுப்பேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்தால் நான் இன்னும் திருத்தவில்லை.

அந்தத் தம்பியின் இசட்4க்கு வருவோம். கொயில், கேம், ஏபிஎஸ் என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று இடத்தில் கோட். அப்படி வந்தால் எனக்கு முதலில் ஏர்த்தின் மீதுதான் கண் போகும். அந்தக் காரில் பற்றரி பின்னால், டிக்கிக்குள். அதன் நெகற்றிவ்வில் இருந்து எஞ்சின் வரை வயர் இழுத்து, தம்பியிடமே மீற்றரைக் கொடுத்தேன். ஸ்டார்ட் பண்ணும்போது 1.4 வோல்ட். எஞ்சினையும் வண்டியின் உடலையும் இணைக்கும் பின்னல் பட்டையைக் கழற்றினான், அதன் ஒரு முனை கையோடு வந்துவிட்டது. புதுப் பட்டை போட்டு, ஆணி இறங்கும் இடத்தைப் பெயின்ற் போகத் தேய்த்து இறுக்கினோம். திரும்ப அளந்தால் 0.09.

கொப்பியில் எழுதிய சாமான் பட்டியலைத் தம்பி தானாகவே வெட்டிவிட்டு, அதன் கீழே 1.4, 0.09 என்று எழுதினான்.