சீரியல் ஆபரேஷனும் நம் வீட்டு ஆபரேஷனும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரவு நேரக் குடும்பத் தொடர்களில் அறுவைச் சிகிச்சை என்றால் அது பெரும்பாலும் கதவுக்கு வெளியேதான் நடக்கும். கதவின் மேல் சிவப்பு விளக்கு எரியும். மூத்த மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நிற்பார். சொத்துக்காகக் காத்திருக்கும் சித்தப்பா தூணோரம் ஒதுங்கிக் கைப்பேசியில் யாருக்கோ தகவல் சொல்வார். ஒரு வாரத்து எபிசோடுகள் முடிந்து விளக்கு அணைந்ததும் மருத்துவர் முகக்கவசத்தைக் கழற்றியபடி வந்து, இருபத்துநான்கு மணி நேரம் கழித்துத்தான் எதையும் சொல்ல முடியும் என்பார். கதைக்கு இது போதும். ஆனால் ராமேசுவரம், பாம்பன், மண்டபம், கீழக்கரை, தொண்டி என்று நீளும் இந்தக் கரையில், சொந்தத்தில் ஒருவருக்கு ஆபரேஷன் என்றதும் குடும்பங்கள் செய்கிற பிழைகளில் பல, அந்தக் கதவுக்கு முன்னால் நிற்பதுதான் தங்கள் வேலை என்று எண்ணிக்கொள்வதால் வருகின்றன. குடும்பம் செய்யவேண்டியதில் பெரும்பகுதி அதற்கு முந்திய நாட்களிலும் பிந்திய நாட்களிலும் கிடக்கிறது.

தொடர்க் குடும்பம் முதலில் செய்வது, நோயை நோயாளியிடமே மறைப்பது. "அம்மாவுக்குத் தெரிந்தால் தாங்க மாட்டார்" என்ற ஒரே வசனத்தில் ஒரு மாதம் ஓடிவிடும். கீழக்கரைப் பக்கம் மகன்கள் வளைகுடா நாடுகளில் வேலை பார்க்கும் வீடுகளில் இந்த மறைப்பு இரண்டு திசையிலும் நடக்கும்: வாப்பாவிடம் "சின்னக் கட்டிதான், எடுத்துவிட்டால் சரியாகிவிடும்" என்றும், துபாயில் இருக்கும் மகனிடம் "வாப்பாவுக்கு லேசான காய்ச்சல்" என்றும் சொல்லிவைப்பார்கள். அன்பினால் செய்வதுதான் என்றாலும், சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த ஒருவரின் உடலில் கத்தி வைப்பதற்கு அவருடைய ஒப்புதல்தான் வேண்டும்; மகனோ மாமனாரோ போடும் கையெழுத்து அதற்கு ஈடாகாது. உள்நோக்கிப் பரிசோதனைக்காக மட்டும் ஒப்புக்கொண்டு மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணுக்கு, வெளியே இருந்த தாயின் சம்மதத்தைப் பெற்றுக் கருப்பையை அகற்றிய வழக்கில் (சமீரா கோலி வழக்கு, 2008), தாயின் அந்தச் சம்மதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே என்ன நோய், எதை எடுக்கப்போகிறார்கள், எடுக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நோயாளியே மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள இடம்விட வேண்டும்.

நினைவிழந்து உயிருக்குப் போராடுகிறவர் விஷயம் வேறு. கையெழுத்துப் போட மகன் வந்தால்தான் ஆபரேஷன் என்று மருத்துவர் கைகட்டி நிற்பதும், "இது போலீஸ் கேஸ், முதல் தகவல் அறிக்கை இல்லாமல் தொட மாட்டோம்" என்று சொல்வதும் தொடர்களுக்கு வசதியான காட்சிகள். முதலில் உயிரைக் காப்பாற்றுவதே மருத்துவரின் கடமை, சட்ட நடைமுறைகள் பிறகு என்று பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989-இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இந்தக் காட்சியை நம்பி, கிழக்குக் கடற்கரைச் சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தூக்கத் தயங்குவது பெரும் பிழை. தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சாலை விபத்துகளுக்கு, பட்டியலில் உள்ள மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைக் குறிப்பிட்ட வரம்புவரை அரசே ஏற்கும் திட்டம் 2021 டிசம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. அதற்குக் காப்பீட்டு அட்டைகூடத் தேவையில்லை.

மயக்க மருந்து மருத்துவர் என்றொருவர் இருப்பதே தொடர்களுக்குத் தெரியாது. ஆபரேஷனுக்கு முன் குடும்பம் சந்திக்கும் மனிதர்களில் மிக முக்கியமானவர் அவர்தான். கட்டிலருகே வந்து அவர் கேட்பவை எளிய கேள்விகள்: முன்பு ஏதாவது ஆபரேஷன் நடந்ததா, எந்த மருந்தாவது ஒத்துக்கொள்ளாதா, ஆடும் பல் அல்லது கட்டிய பல் உண்டா, பீடி சிகரெட் உண்டா, குடிப்பழக்கம் உண்டா. கடைசிக் கேள்வி வரும்போது கட்டிலைச் சுற்றி மனைவி, மருமகன், சம்பந்தி வீட்டார் என்று ஐந்தாறு பேர் நிற்பார்கள். "அதெல்லாம் இல்லைங்க, எப்பவாவது நல்லது கெட்டதுக்கு" என்பார் நோயாளி. மனைவி தரையைப் பார்ப்பார். மருத்துவர் அதையே எழுதிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவார்.

உண்மையில் அவர் கடலிலிருந்து கரையேறிய ஒவ்வொரு நாளும் குடித்தவராக இருந்தால், மருத்துவமனையில் சேர்ந்ததால் திடீரென்று குடி நின்றுபோன இரண்டாம், மூன்றாம் நாளில் உடல் அதற்குக் கணக்குக் கேட்கும். கை நடுங்கும், சட்டை நனைய வியர்க்கும், இரவில் எழுந்து உட்கார்ந்து இல்லாத வலையை இரண்டு கையாலும் இழுப்பார், பக்கத்துக் கட்டில்காரரைப் படகில் உடன் வந்தவர் என்று எண்ணி அதட்டுவார், சொட்டு மருந்து ஊசியையும் தையலின் மேல் கட்டிய துணியையும் பிடுங்கி எறிவார். வீட்டார், ஊசி மாற்றிப் போட்டுவிட்டார்கள் என்று செவிலியரிடம் சண்டைக்குப் போவார்கள், அல்லது காற்றுக் கறுப்பு என்று கயிறு மந்திரிக்க ஆள் அனுப்புவார்கள். முன்பே தெரிந்திருந்தால் வைட்டமின் பி1 ஊசியும் நடுக்கத்தைத் தணிக்கும் மருந்தும் கொடுத்துப் பெருமளவு தடுத்திருக்கக்கூடிய நிலை இது. கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. சபையில் கேட்டால் உண்மை வராது என்று தெரிந்த குடும்பத்தார், வராந்தாவில் மருத்துவரைத் தனியே பார்த்துச் சொல்லிவிட வேண்டும். அது நோயாளியைக் காட்டிக்கொடுப்பது ஆகாது.

இதே இடத்தில் இன்னொன்று. ஆபரேஷன் தியேட்டருக்குள் போகும்வரை பெயர் என்ன, என்ன ஆபரேஷன், வலமா இடமா என்று ஆள் மாற்றி ஆள் கேட்பதைப் பார்த்து, இவர்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது என்று சிலர் பதறுகிறார்கள். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலின்படி கேட்க வேண்டிய கேள்விகள்தான் அவை. நோயாளியே வாய்திறந்து பதில் சொல்வது நல்லது. உறவினர் முந்திக்கொள்ள வேண்டாம்.

வெறும் வயிறு பற்றி எந்தத் தொடரும் பேசுவதில்லை. மயக்கத்தில் இருமலும் விழுங்கலும் அடங்கிவிடுவதால், வயிற்றில் இருப்பது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடும் அபாயம் உண்டு. அதனால்தான் திட உணவுக்கும் பாலுக்கும் பொதுவாக 6 மணி நேரமும், எண்ணெயும் இறைச்சியும் மிகுந்த உணவுக்கு 8 மணி நேரமும், தண்ணீர் போன்ற தெளிந்த பானங்களுக்கு 2 மணி நேரமும் இடைவெளி கேட்கிறார்கள். இரக்கப்பட்ட அத்தை விடியற்காலை ஐந்து மணிக்கு ஃபிளாஸ்க்கில் வாங்கிவந்து ஊற்றிக் கொடுக்கும் பால் காபி இந்தக் கணக்கில் சாப்பாடுதான். அதைச் சொல்லிவிட்டால் ஆபரேஷன் தள்ளிப்போகும். மறைத்துவிட்டால் விளைவு அதைவிடக் கெட்டது. மாத்திரைகளிலும் சொந்த முடிவு கூடாது. இரத்த அழுத்த மாத்திரைகளில் பெரும்பாலானவற்றை அன்று காலையிலும் ஒரு மடக்குத் தண்ணீரில் போடச் சொல்வார்கள்; சர்க்கரை மாத்திரைகளில் சிலவற்றை மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள்; இதய இரத்தக்குழாய் அடைப்பை விரித்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு குழாய் பொருத்தியவர் இரத்தம் உறையாமல் இருக்கப் போடும் மாத்திரையைத் தானாக நிறுத்தினால் ஸ்டென்ட்டே அடைத்துக்கொள்ளலாம். நாட்டு மருந்து, லேகியம் உட்பட வீட்டில் இருப்பதையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துப்போய்க் காட்டிவிடுவது உத்தமம்.

இனி இரத்தத்துக்கு வருவோம், ஏனெனில் குடும்பத் தொடர்கள் அதிகம் பிழை செய்யும் இடமும் அதிகம் நம்பப்படும் இடமும் இதுதான். பத்தாண்டுகள் பேசாமல் இருந்த தம்பி ஓடிவந்து அண்ணனுக்குப் பக்கத்துக் கட்டிலில் படுக்க, ஒரு கையிலிருந்து மறு கைக்குக் குழாய் வழியே இரத்தம் போகும், பகை தீரும். நடைமுறையில் தம்பியின் இரத்தம் 350 அல்லது 450 மில்லி பையில் எடுக்கப்பட்டு, எச்.ஐ.வி., மஞ்சள் காமாலை பி மற்றும் சி, பால்வினை நோயான சிபிலிஸ், மலேரியா ஆகியவற்றுக்குச் சோதிக்கப்பட்டு, நோயாளியின் இரத்தத்தோடு பொருத்திப் பார்த்த பிறகே யாருக்கும் ஏற்றப்படும். அதற்கும் மேலே ஒன்று உண்டு. பெற்றோர், பிள்ளை, உடன்பிறந்தோர் ஆகியோரின் இரத்தத்தை அப்படியே ஏற்றும்போது, அதிலுள்ள வெள்ளணுக்கள் பெறுபவரின் உடலை அயலாகக் கருதித் தாக்கும் ஓர் அரிய சிக்கல் நேரலாம். அரியதானாலும் வந்தால் பிழைப்பது கடினம். அதனால் கதிர்வீச்சால் அந்த அணுக்களைச் செயலிழக்கச் செய்த பிறகே நெருங்கிய உறவின் இரத்தத்தைக் கொடுக்க வேண்டும் என்பது மருத்துவ விதி. "எங்கள் இரத்தத்தையே ஏற்றுங்கள், வேறு யாருடையதும் வேண்டாம்" என்று இரத்த வங்கி வாசலில் வாதாடுவோர் இதை அறிந்திருக்க வேண்டும். அவர்கள் கொடுக்கும் பை வேறொருவருக்குப் போவதும், வேறொருவர் கொடுத்த பை இவர்களுக்கு வருவதும் முறையான, பாதுகாப்பான ஏற்பாடு.

கொடுப்பவருக்கு வயது 18 முதல் 65-க்குள், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராமுக்குக் குறையாமல் இருக்க வேண்டும். சாப்பிட்டிருக்கவும் வேண்டும். ஏர்வாடிக்கோ ஓரியூருக்கோ நேர்ந்துகொண்டு வெறும் வயிற்றோடு வருகிறவர் இரத்தம் கொடுக்கத் தகுந்தவர் அல்லர். நேர்த்திக்கடன் ஒருவருக்கு, இரத்தம் இன்னொருவருக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். பணம் வாங்கிக்கொண்டு இரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்ற ஆணைப்படி 1998 ஜனவரி முதல் நாட்டில் தடைசெய்யப்பட்டிருப்பதால், ஆள் பிடித்துத் தருவதாக மருத்துவமனை வாசலில் பேசுகிறவரை நம்பவே கூடாது.

இரத்தப் பிரிவை வைத்துப் பிறப்பு ரகசியத்தை உடைப்பதும் தொடர்களின் பழைய உத்தி. தந்தை ஏ, தாய் பி, பிள்ளை ஓ என்றதும் இடி இடிக்கும். ஏ பிரிவும் பி பிரிவும் கொண்ட பெற்றோருக்கு நான்கு பிரிவுகளில் எதிலும் பிள்ளை பிறக்கலாம் என்பது பள்ளிப் பாடம்; சீட்டைப் பார்த்துச் சந்தேகம் வளர்த்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை. திரையில் கோடு நேராகிவிட்ட பிறகு மின்னதிர்ச்சி கொடுத்து எழுப்புவதும் பிழைதான். நேர்க்கோட்டுக்கு மின்னதிர்ச்சி கொடுப்பதில்லை, மார்பை அழுத்துவார்கள். ஆனால் அதனால் நம் வீட்டுக்கு நட்டமில்லை என்பதால் விட்டுவிடலாம். இரவோடிரவாகச் சிறுநீரகம் தானம் கொடுக்கும் மருமகளை மட்டும் அப்படி விட முடியாது: 1994-ஆம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டத்தின்படி, நெருங்கிய உறவினர் என்ற பட்டியலுக்குள் வராதவர் கொடுக்க முன்வந்தால் அங்கீகாரக் குழுவின் முன் நிற்க வேண்டும், மருமகள் அந்தப் பட்டியலில் இல்லை.

பணத்துக்காகத் தாலிக்கொடியைக் கழற்றும் காட்சி நம் பக்கம் நிஜமாகவே நடக்கிறது என்பதால் அதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. பதற்றத்தில் முதல் இரவே நகையை அடகு வைத்துவிட்டு, காப்பீட்டு அட்டையைப் பற்றி நான்காம் நாள் கேட்பதே வழக்கமான பிழை. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் உள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை பயன் தருகிறது. ஆனால் இது முன் அனுமதி பெற்று, பட்டியலில் உள்ள மருத்துவமனையில், பட்டியலில் உள்ள சிகிச்சைக்கு, கையில் பணம் வாங்காமல் நடப்பது; கட்டிய பணத்தைப் பிறகு திரும்பக் கேட்பதற்கு அல்ல. சேர்க்கும்போதே அட்டையைக் காட்டி, மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுவிட வேண்டும். அட்டையே இல்லாத வீட்டார், குடும்ப அட்டை, ஆதார், வருமானச் சான்று ஆகியவற்றை எடுத்துக்கொண்டு ராமநாதபுரம் ஆட்சியர் அலுவலகத்துக்கு நோயில்லாத நாளிலேயே போய்வருவது நல்லது.

ராமேசுவரத்திலிருந்து ராமநாதபுரம் ஏறத்தாழ 55 கிலோமீட்டர். அங்கிருந்து மதுரை இன்னும் 115 கிலோமீட்டருக்குக் குறையாது. "மதுரைப் பெரியாஸ்பத்திரிக்கே கொண்டுபோய்விடுவோம்" என்று உறவினர் கூடி முடிவெடுத்து வாடகை வேனில் ஏற்றுவது, வழியிலேயே ஆளை இழக்கச் செய்யும் முடிவாகலாம். 2022-இல் ராமநாதபுரத்தில் அரசு மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டுவிட்டது. முதலில் அங்கே நிலைப்படுத்தி, தேவையென்றால் பரிந்துரைக் கடிதத்தோடும் ஸ்கேன் படங்களோடும் 108 வண்டியில் அனுப்பப்படுவதே முறை.

ஆபரேஷன் முடிந்த அடுத்த எபிசோடில் நோயாளி பூஜையறையில் விளக்கேற்றுவார். நம் வீட்டில் அந்த இடைவெளியில்தான் எல்லாம் இருக்கிறது. எழுந்து நடக்கச் சொன்னால் நடக்கவிட வேண்டும். படுத்தே கிடந்தால் காலில் இரத்தம் உறையும், நெஞ்சில் சளி கட்டும். ஊரே வேன் பிடித்து வந்து கட்டிலில் உட்கார்ந்து ஆறுதல் சொல்வது புண்ணுக்கு நல்லதில்லை. பிள்ளை பெற்றவளுக்குப் பால்சுறாவைத் தேடிப்பிடித்துப் புட்டு செய்து கொடுக்கும் இதே கரையில், ஆபரேஷன் ஆனவருக்கு மட்டும் மீனும் முட்டையும் ஆகாது, புண் சீழ்பிடிக்கும் என்று வெறும் ரசச் சோறு போடுகிறோம். மருத்துவர் தனியாகப் பத்தியம் ஏதும் சொல்லாதவரை, தோலும் சதையும் கூடுவதற்கு வேண்டிய புரதம் மீனிலும் முட்டையிலும் இருக்கிறது.

குடலிறக்க (ஹெர்னியா) ஆபரேஷனைப் பலரும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்துக்கு ஒதுக்கிவைக்கிறார்கள். வேலை கெடாது என்பதால் அது நியாயமான கணக்கே. ஆனால் வீக்கம் உள்ளே போகாமல் கல்லுப்போல் நின்று, வலியும் வாந்தியும் கண்டால் தடைக்காலம் வரை காத்திருக்க முடியாது, அன்றே ஆபரேஷன் தேவைப்படும். தடைக்காலத்துக்குள் செய்வதானாலும் ஏப்ரலிலேயே செய்துகொள்ள வேண்டும். மே கடைசியில் செய்துகொண்டு, ஜூன் 15 அன்று கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிப் படகேறி, ஐஸ் பெட்டி தூக்குகிறவரின் தையல் உள்ளே தாங்காது. பளு தூக்க நான்கு முதல் ஆறு வாரம் வரை பொறுக்கச் சொல்வார்கள். ஆறாத புண்ணோடு கடல்நீரில் இறங்குவது அதைவிட மோசம். உப்புத் தண்ணீர் புண்ணை ஆற்றும் என்பது பழைய நம்பிக்கை. வெதுவெதுப்பான கடல்நீரில் வாழும் விப்ரியோ வகைக் கிருமிகள் சில, சர்க்கரை நோயோ ஈரல் கோளாறோ உள்ளவரின் புண் வழியே புகுந்தால் ஓரிரு நாளில் காலையே எடுக்கவேண்டிய நிலைக்குக் கொண்டுபோகும். வீட்டுக்கு அனுப்பும்போது தரும் சீட்டில் மறுபரிசோதனைத் தேதி எழுதியிருக்கும். டோக்கனுக்குப் பெயர் கொடுக்கும் முன் அந்தத் தேதிக்கு ஒருமுறை போய்க் காட்டிவிட்டு வர வேண்டும்.