ஊதிக் கெடுத்த உலை: புதிய கொல்லர்கள் தவிர்க்க வேண்டியவை

கண்ணுக்குக் கண்ணாடி அணியுங்கள், பக்கத்தில் தண்ணீர் வையுங்கள் என்றெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அதைச் சொல்லித்தான் தெரிய வேண்டும் என்ற நிலையில் இருப்பவர் உலைப்பக்கம் வராமலிருப்பதே நல்லது. வீட்டுக் கொல்லையில் உலை கட்டுபவர்களிடம் நான் திரும்பத் திரும்பப் பார்க்கும் தவறுகள் வேறு வகை. அவற்றில் பலவற்றை ஒரு காலத்தில் நானும் செய்தவன் என்பதால் பார்த்தவுடன் எரிச்சல் வருகிறது.

காற்று கூடினால் எல்லாம் கூடும் என்ற நினைப்பு

உலை என்றால் குழியைவிட முதலில் ப்ளோயரைத்தான் தேடுகிறார்கள். அதுவும் கிடைப்பதிலேயே பெரியதை. பழைய லாரியின் ஸ்பிரிங் பட்டையில் கத்தி அடிக்கிறேன் என்று ஓர் இளைஞர் என்னை அழைத்துப்போய்க் காட்டினார். வால்வு கிடையாது, சுவிட்சைப் போட்டால் முழு வேகம். கரி குழியில் நிற்கவே இல்லை, பொறியாகப் பறந்துகொண்டிருந்தது. பட்டையின் நுனியை உலைமூக்குக்கு, அதாவது உலைக்குள் காற்று வந்து விழும் குழாயின் வாய்க்கு, நேரே செருகியிருந்தார். "தம்பி, அதை வெளியே எடுங்கள்" என்று சொல்லி முடிப்பதற்குள் நுனி மத்தாப்பு போலச் சிதறத் தொடங்கியது. "இன்னும் கொஞ்சம் சூடாகட்டும் என்று பார்த்தேன் அண்ணா" என்றார். அது சூடாகவில்லை, எரிந்துகொண்டிருந்தது.

உலைமூக்கிலிருந்து வரும் காற்று கரியோடு சேர்ந்து தீர்வதற்குக் கொஞ்சம் தூரம் வேண்டும். அந்தத் தூரத்துக்குள் இரும்பை வைத்தால், மிச்சமிருக்கும் ஆக்சிஜன் கரியை விட்டுவிட்டு இரும்பைப் பிடிக்கும். முதலில் செதில் செதிலாகக் கருந்தோல் உரியும். சூடு மேலும் ஏறினால் பொறி பறக்கும். பொறி பறந்த எஃகின் உள்மணிகளுக்கு, அதாவது எஃகுக்குள் நெருங்கிக் கிடக்கும் நுண்ணிய படிகங்களுக்கு, நடுவே ஆக்சைடு புகுந்திருக்கும். எவ்வளவு அடித்தாலும் அது ஒட்டாது. அந்தப் பகுதியை வெட்டி எறிவதைத் தவிர வழியில்லை. கார்பன் அதிகமுள்ள எஃகு, சாதாரண இரும்பைவிடக் குறைந்த சூட்டிலேயே எரியத் தொடங்கும் என்பதைக் கத்தி ஆசையோடு வருபவர்கள் யாரும் கேட்டு வைத்துக்கொள்வதில்லை.

செய்ய வேண்டியது எளிது. உலைமூக்குக்கு மேலே பத்துப் பதினைந்து சென்டிமீட்டர் கரி எப்போதும் இருக்கட்டும். இரும்பு அந்தக் கரிப்படுகையின் மேற்பாதியில் கிடைமட்டமாகக் கிடக்கட்டும். அதன்மேலும் கொஞ்சம் கரி மூடட்டும். குழாயில் ஒரு வால்வு, அல்லது துளையை மூடித் திறக்க ஒரு தகடு போதும். முடி உலர்த்தும் கருவி வைத்திருந்தால் அதைக் குழாயோடு இறுக்கிப் பொருத்தாமல் சற்று விலக்கிப் பிடியுங்கள். இடைவெளியைக் கூட்டிக் குறைத்தே காற்றை அடக்கிவிடலாம். மரக்கரிக்கு நிலக்கரியைவிடக் குறைவான காற்றே தேவை.

இந்தத் தவறுக்கு ஒரு கூட்டாளி உண்டு: வெயில். நடுப்பகல் வெளிச்சத்தில் ஆரஞ்சு நிறத்தில் தகிக்கும் இரும்பு மங்கிய சிவப்பாகத்தான் தெரியும். "சூடு போதவில்லை" என்று இன்னும் ஊதுவார்கள். நிழலில் உலை வையுங்கள். அங்கே நிறம் பொய் சொல்லாது. காந்தம் ஒட்டாத நிலை சுமார் 770 பாகை செல்சியஸ். அது கத்தியைத் துவைச்சல் போடும்போது (சூடாக்கி முக்கிக் கடினமாக்கும்போது) உதவும் அடையாளம். சம்மட்டி எடுக்க அந்தச் சூடு போதாது.

துத்தநாகம் பூசிய குழாய்

பளபளப்பாக இருக்கிறது என்று தண்ணீர்க் குழாயையே உலைமூக்காக வைக்கிறார்கள். துத்தநாகம் 907 பாகையில் கொதித்து ஆவியாகும். உலையின் நடுப்பகுதி அதைச் சாதாரணமாகத் தாண்டும். வெள்ளைப் புகை வந்தால் அதுதான். சில மணி நேரம் கழித்துக் குளிரும் காய்ச்சலும் வரும்போது, காரணம் உலை என்று பலருக்குத் தோன்றுவதே இல்லை. பூச்சில்லாத கறுப்பு இரும்புக் குழாய் வாங்குங்கள். பழைய பக்கெட்டை உலைக்கூடாக எடுப்பவர்களும் முதலில் பூச்சைப் பாருங்கள்.

கான்கிரீட், ஆற்றுக் கூழாங்கல்

இவற்றால் உலை கட்டாதீர்கள். உள்ளே ஈரம் இருக்கும். வெடிக்கும்.

பிளாஸ்டர் ஆஃப் பாரிஸும் மணலும்

உலையின் உட்பூச்சாக இதைக் காணொளிகளில் பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. சில முறை எரித்ததும் பொருபொருவென்று உதிரும். களிமண்ணோடு மணலும் சாம்பலும் கலந்து பூசினால் அதைவிட நாள் தாங்கும், செலவும் இல்லை. ஆனால் பூசிய அன்றே தீ மூட்டாதீர்கள். நிழலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு சுள்ளி அளவு தீயில் மெல்லச் சுடுங்கள். அப்புறமும் விரிசல் விழும். அதே மண்ணைக் குழைத்து அடைத்தால் சரி.

அகலக் குழி

கரிதான் வீணாகும். ஒரு சூட்டில் நீங்கள் அடித்து முடிப்பது கையகல நீளம். அதற்குமேல் காய்ச்சிய பகுதி அடிபடாமலே ஆறும்.

மூடிய அறை

கூடவே கூடாது. கரி எரியும்போது வரும் நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது.

ப்ளோயரை அணைத்துவிட்டுத் தேநீருக்குப் போவது

காற்று நின்றதும் கரியிலிருந்து கிளம்பும் எரிவாயு குழாய்க்குள் பின்னோக்கி ஏறி நிற்கும். திரும்பி வந்து சுவிட்சைப் போட்டால் குழாய்க்குள்ளேயே "டொப்" என்று வெடிக்கும். நிலக்கரி என்றால் இன்னும் பலமாக. அணைத்த கையோடு ப்ளோயரைக் குழாயிலிருந்து கழற்றி வைத்துவிடுங்கள்.