பழைய மரக்கட்டை வீட்டின் வெளிச்சுவரைச் சரிசெய்வது எப்படி? முதல்முறை இறங்குபவர்களுக்கு

தாத்தா பாட்டி காலத்து லாக் கேபின் ஒன்று கைக்கு வந்து, வெளிச்சுவர் கறுத்தும் நரைத்தும் கிடப்பதைப் பார்த்தால் உடனே பெயின்ட் வாங்கத்தான் கை பரபரக்கும். கொஞ்சம் பொறுங்கள். முழு மரக்கட்டைகளை அடுக்கிக் கட்டிய வீட்டுக்கு முதல் எதிரி தண்ணீர்தான், அது எந்த வழியாக வருகிறது என்று கண்டுபிடிக்காமல் மேலே எதைப் பூசினாலும் உள்ளே நடக்கிற அழுகலை மூடி மறைக்கத்தான் அது உதவும். மரத்தின் ஈரப்பதம் 20 சதவீதத்துக்குக் கீழேயே இருந்தால் அழுகல் பூஞ்சை வளராது. கீழே சொல்லும் வேலைகளில் பெரும்பாலானவை மரத்தை அந்த அளவுக்குள் வைத்திருப்பதற்காகத்தான்.

முதலில் சுற்றிப் பாருங்கள்

நல்ல மழை பெய்யும்போது ஒருமுறை வீட்டைச் சுற்றி நடந்துவிடுங்கள். கூரைத் தண்ணீர் எங்கே விழுகிறது, தரையில் பட்டு எவ்வளவு உயரம் தெறிக்கிறது, எந்தக் கட்டை மட்டும் நனைந்து கருப்பாகத் தெரிகிறது என்று அப்போதுதான் பிடிபடும். காய்ந்த பிறகு ஒரு திருப்புளி, சுத்தியல், சாக்பீஸ், முடிந்தால் ஈரப்பதம் காட்டும் மீட்டர் ஒன்று எடுத்துக்கொண்டு மறுபடி வாருங்கள்.

அடியிலிருந்து முதல் இரண்டு மூன்று வரிசைக் கட்டைகள், ஜன்னலுக்குக் கீழ்ப்பகுதி, கூரையைத் தாண்டி வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் மூலைக் கட்டைமுனைகள், திண்ணைப் பலகை சுவரோடு சேரும் இடம், இவைதான் பெரும்பாலும் முதலில் கெடும். சுத்தியலால் தட்டுங்கள். நல்ல மரம் கணீரென்று சொல்லும், உளுத்த மரம் பொத்தென்று அமுங்கிய சத்தம் தரும். சந்தேகமான இடத்தில் திருப்புளியைக் குத்திப் பாருங்கள், வைரமான மரத்தில் முனை நிற்கும், அழுகியதில் வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கும். தோண்டி எடுத்த துண்டு பழுப்பாக, சின்னச் சின்னச் சதுரக் கட்டிகளாக உடைந்து விரலில் பொடிந்தால் அது பழுப்பு அழுகல். அந்த இடங்களையெல்லாம் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுத்து வையுங்கள்.

பூச்சியையும் விட்டுவிடாதீர்கள். ஊசித்துளை மாதிரி ஓட்டைகளும் மாவு போன்ற தூளும் இருந்தால் அது மரத்துளைப்பான் வண்டு. துளையிடும் கருவியால் போட்டதுபோல் வட்டமாக, விரல் நுழையும் அளவு துளை இருந்தால் அது தச்சுத் தேனீயாக இருக்கும். மண் குழாய் ஏறியிருந்தால் கரையான், அதற்கு முதலில் பூச்சிக் கட்டுப்பாட்டு ஆளைக் கூப்பிட்டுவிடுங்கள். வண்டுத் துளைகள் எப்போதோ நின்றுபோனவையாகவும் இருக்கலாம். தூளைத் துடைத்துவிட்டு அடியில் கறுப்புத் தாள் விரித்து, சில வாரம் கழித்துப் புதிதாகத் தூள் விழுந்திருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

தண்ணீர் வரும் வழியை அடைத்துவிடுங்கள்

கூரை ஒழுக்கு, கூரை ஓரத்தில் உடைந்த மழைநீர்த் தகடு, அடைத்துக்கொண்ட வடிகுழாய், இவை முதலில். குழாய்த் தண்ணீர் சுவரடியில் கொட்டாமல் தள்ளிப்போய் விழ வேண்டும். வருடக்கணக்கில் சேர்ந்த மண்ணும் சருகும் அடிக்கட்டையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அதை வெட்டி எடுத்து, தரைக்கும் கடைசிக் கட்டைக்கும் இடையில் குறைந்தது 30 செ.மீ. இடைவெளியும், தண்ணீர் வீட்டைவிட்டு வெளியே ஓடும்படி சரிவும் கொடுங்கள். செடிகொடிகளை 60 செ.மீ.யாவது தள்ளி வையுங்கள். விறகைச் சுவரில் சாய்த்து அடுக்கவே கூடாது, ஈரமும் பூச்சியும் சேர்ந்தே வரும். பார்த்தால் சாதாரண வேலைகள்தான், ஆனால் பணம் கம்மியாக இருந்து ஒன்றே ஒன்றுதான் செய்ய முடியும் என்றால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன்.

கழுவுவதும் பழைய பூச்சை எடுப்பதும்

பழைய பெயின்ட் இருந்தால் தேய்ப்பதற்கு முன் ஈயம் கலந்ததா என்று சோதித்துக்கொள்ளுங்கள். ஈயம் இருந்தால் அந்தத் தூள் குழந்தைகளுக்கு மிகவும் ஆபத்து, அதை அதற்குரிய ஆட்களிடம் விடுவதே சரி.

வெறும் அழுக்கும் பாசியும்தான் என்றால் ஆக்சிஜன் பிளீச் கரைசலை மென்மையான பிரஷ்ஷால் கீழிருந்து மேலாகத் தேய்த்துவிட்டு, மேலிருந்து கீழாக அலசுங்கள். கீழிருந்து தொடங்கினால் காய்ந்த மரத்தில் வழிந்த கோடு விழாது. குளோரின் பிளீச் வேண்டாம், மர நாரைக் கெடுக்கும். ஆணியைச் சுற்றி இருக்கும் கறுப்புக் கறை இரும்பால் வந்தது, அதற்கு ஆக்சாலிக் அமிலம் நன்றாக வேலை செய்யும். கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கடைசியில் நிறையத் தண்ணீர்விட்டு அலசுங்கள். வேகமாகத் தண்ணீர் பீய்ச்சும் மெஷினைப் பற்றி எல்லாரும் கேட்பார்கள். பழைய மரத்தில் அதை அழுத்தமாக அடித்தால் நார் பிய்ந்து பஞ்சுபோல் எழும்பும், தண்ணீரும் இடுக்குகளுக்குள் போய்விடும். குறைந்த அழுத்தத்தில் தள்ளி நின்று அலச மட்டும் பயன்படுத்துங்கள்.

உரிந்து தொங்கும் வார்னிஷ் இருந்தால் முழுக்க எடுத்தாக வேண்டும். பிறகு 60 முதல் 80 நம்பர் உப்புத்தாளோடு நிறுத்துங்கள், ரொம்ப வழவழப்பாக்கினால் பிறகு அடிக்கப்போகும் ஸ்டெயின் (மரத்துக்குள் ஊறி நிறம் தரும் பூச்சு) உள்ளே இறங்காது. அப்புறம் பல நாள் காய விடுங்கள்.

அழுகிய இடத்தைச் சரிசெய்வது

சின்ன அழுகல் என்றால் உளியால் நல்ல மரம் தெரியும்வரை குடைந்தெடுத்து, போரேட் (பூஞ்சையையும் பூச்சியையும் தடுக்கும் உப்பு) கரைசல் அடித்து, நன்றாகக் காயவிட்டு, மரத்தை இறுக்கும் திரவ எபாக்ஸி (கலந்ததும் கெட்டியாகும் பிசின்) ஊறவைத்து, மேலே எபாக்ஸிக் களிம்பால் நிரப்பலாம். கட்டையின் முகம் மட்டும் கெட்டு உள்ளே வைரமாக இருந்தால், கெட்டதைச் சமமாக வெட்டி எடுத்துவிட்டு அதே ஜாதி மரத்தில், நன்கு காய்ந்த அரைக்கட்டை ஒன்றைப் பொருத்தலாம். அடிக்கட்டை முழுக்கப் போயிருந்தால் மேலுள்ள சுவரை ஜாக்கி வைத்துத் தூக்கித்தான் மாற்ற வேண்டும். அதில் மட்டும் சொந்தமாகக் கை வைக்காதீர்கள், அனுபவமுள்ள தச்சரைக் கூப்பிடுங்கள்.

போரேட், அப்புறம் ஸ்டெயின்

பூஞ்சைக்கும் பூச்சிக்கும் சேர்த்து ஒரே மருந்து போரேட். பூச்சு இல்லாத வெறும் மரத்தில்தான் இது இறங்கும், அதனால் ஸ்டெயினுக்கு முன்பே அடிக்க வேண்டும். தண்ணீரில் கரைகிற உப்பு என்பதால் மேலே பூச்சு இல்லாவிட்டால் மழையில் கரைந்தும் போய்விடும். அடிக்கும்போது பக்கத்துச் செடிகளை மூடி வையுங்கள்.

மரம் மறுபடி காய்ந்து மீட்டர் 18 சதவீதத்துக்குக் கீழே காட்டினால் ஸ்டெயின் அடிக்கலாம். நிறமே இல்லாத கிளியர் பூச்சு பளிச்சென்று அழகாகத்தான் இருக்கும், ஆனால் மரத்தை நரைக்கவைக்கும் புற ஊதாக் கதிரை முக்கியமாகத் தடுப்பது ஸ்டெயினில் இருக்கும் நிறமிதான். அதனால் நிறமுள்ள, மரத்தை மூச்சுவிட விடுகிற ஸ்டெயினாக வாங்குங்கள். வெயில் நேரே படாத பக்கமாகப் பார்த்து, ஒரு கட்டையை ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை நிறுத்தாமல் முடியுங்கள், நடுவில் விட்டால் அந்த இடத்தில் திட்டு தெரியும். ஸ்பிரே அடித்தாலும் உடனே பிரஷ்ஷால் தேய்த்து உள்ளே ஏற்ற வேண்டும். மூலையில் நீட்டியிருக்கும் வெட்டுமுகங்கள் தண்ணீரை உறிஞ்சித் தள்ளும், அங்கே குடிக்கும்வரை திரும்பத் திரும்பக் கொடுங்கள்.

வெடிப்பும் இடுக்கும்

காயும்போது மரம் வெடிப்பது இயல்புதான், எல்லாவற்றையும் அடைக்க வேண்டியதில்லை. வானத்தைப் பார்த்து வாய் திறந்திருக்கும் வெடிப்பு, அதுவும் 6 மி.மீ.க்கு மேல் அகலம் என்றால் மழைநீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதை அடைத்துவிடுங்கள். முதலில் இடுக்கைவிடச் சற்றுப் பருமனான நுரைக்கயிற்றைத் திணித்து, அதன்மேல் மரத்துக்கான மீள்தன்மையுள்ள சீலன்டைப் பூசுங்கள். சீலன்ட் மேலும் கீழும் மட்டும் ஒட்டிப் பின்பக்கம் ஒட்டாமல் இருந்தால்தான், மரம் விரிந்து சுருங்கும்போது கிழியாமல் கூடவே இழுபடும்.

கட்டைகளுக்கு நடுவில் பழைய சுண்ணாம்புக் காரை நன்றாக இருந்தால் தொடாதீர்கள், உதிர்ந்த இடத்தில் மட்டும் அதே மாதிரி மென்மையான காரையை வையுங்கள். சிமென்ட் வைத்து அடைப்பவர்கள் நிறைய. சிமென்ட் அசையாது, மரம் அசையும், நடுவில் மயிரிழை விரிசல் விழுந்து அதன் வழியே போன தண்ணீர் வெளியே வர வழியில்லாமல் கட்டைக்குள்ளேயே தங்கிவிடும். எதை வைத்தாலும் அது கீழ்க்கட்டையின்மேல் திட்டுப்போல் துருத்தாமல், வெளிப்பக்கம் சரிந்து, மேல்கட்டைக்குக் கீழே உள்ளடங்கி இருக்கட்டும்.

வருடா வருடம்

மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை லேசாகக் கழுவி, தகடுகளைச் சுத்தம் செய்து, சீலன்ட் விட்டுப்போன இடங்களைச் சரிசெய்துவிடுங்கள். பிறகு சுவரில் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இன்னும் இருக்கிறது. மரம் உறிஞ்சி நிறம் கறுத்தால் மறுபூச்சுக்கு நேரம் வந்துவிட்டது. வெயில் அதிகம் படும் பக்கம் மற்றவற்றுக்கு முன்பே இந்த நிலைக்கு வரும், அப்போது அந்தச் சுவரை மட்டும் கழுவிக் காயவைத்து ஒரு கோட் கொடுத்தால் போதும்.